வீட்டுத் தோட்டத்தில் வெட்டிவேர்

புல்லை அழிப்பதற்கென்றே கூலி பெற்று வாழ்ந்த மக்கள் நாம். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டச் சென்றோர் போக, எஞ்சியோரில் பலர் புல்வெட்டுக்கும் மருந்தடிப்புக்கும் சென்றனர். 'லாலாங்' என்ற பெயரைக் கேட்டவுடனே இடுப்பு வலியையும் கைக்காய்ப்பையும் நினைவு கூரும் பெரியவர்கள் இன்றும் நம் இல்லங்களில் உள்ளனர். பயனற்ற உழைப்பை 'விழலுக்கு இறைத்த நீர்' என்று சொல்வது நம் வழக்கு. விழல் என்பதும் ஒரு புல்லே. அவ்வாறிருக்க, ஒரு புல்லைத் தேடிக் கொணர்ந்து, நீர் ஊற்றி, வாசலில் அழகுச் செடியாக வளர்க்க வேண்டும் என்று கூறினால் சிலர் நகைக்கக்கூடும்.

ஆயினும் நாம் இங்கு அதனையே கூற முற்படுகின்றோம். எல்லாப் புல்லும் ஒரு தன்மையன அல்ல. மண்ணைக் கவர்ந்து கொள்ளும் புல்லும் உண்டு. மண்ணைக் காத்து நிற்கும் புல்லும் உண்டு. காக்கும் புற்களுள் தலையாயது வெட்டிவேர். அது நம் முன்னோர் வாழ்ந்த தென்னாட்டின் புல். உலக மொழிகள் பலவற்றில் தமிழ்ப் பெயராலேயே அழைக்கப்படும் புல். அதனைக் குனோங் ராபாட்டில் உள்ள நம் வீட்டு வாசல்களிலும் பள்ளித் தோட்டத்திலும் வளர்ப்பது எவ்வாறு, ஏன் வளர்க்க வேண்டும் என்பவற்றை மாணவர்களும் பெற்றோர்களும் தோட்டத் தொழிலாளத் தோழர்களும் அறியுமாறு இக்கட்டுரையில் விளக்குவோம்.

புல் என்னும் பெருங்குடும்பம்

புல் என்றவுடன் திடலில் நாம் மிதித்து விளையாடும் பசும்புல் மட்டுமே மாணவர்களின் நினைவுக்கு வரும். உண்மையில் புற்குடும்பம் மிகப் பெரியது. அதில் 11,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நாம் உண்ணும் சோற்றைத் தரும் நெல் ஒரு புல். தோசைக்கும் கூழுக்கும் உதவும் கேழ்வரகும் கம்பும் சோளமும் புற்களே. பொங்கலன்று வாசலில் கட்டும் கரும்பும் புல்லே. வானளாவ வளரும் மூங்கிலும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சமையலறையில் மணக்கும் செராய் என்னும் எலுமிச்சம்புல் அதன் மற்றோர் உறுப்பினர். ஆகவே, 'வெறும் புல்தானே' என்று எவரும் இகழ்ந்துரைத்தல் பொருந்தாது. புல் இல்லையேல் மனிதனுக்குச் சோறில்லை, மாட்டுக்குத் தீனியில்லை, மண்ணுக்குப் போர்வையில்லை.

இக்குடும்பத்தின் சிறப்பு அதன் வேரில் உள்ளது. மாமரம், பலாமரம் போன்றவற்றிற்கு ஆணிவேர் உண்டு. ஒரு தடித்த வேர் நேராகக் கீழே இறங்கும்; கிளை வேர்கள் அதிலிருந்து பிரியும். புல்லுக்கு ஆணிவேர் இல்லை. நூல் நூலாக எண்ணற்ற வேர்கள் தூரிலிருந்து கிளம்பும். இதனைச் சல்லிவேர் என்பர். ஆயிரம் விரல்கள் சேர்ந்து மண்ணைப் பற்றியிருப்பதைப் போன்றது இது. ஒரு பிடி புல்லைப் பறித்தால் அதனோடு ஒரு கட்டி மண்ணும் சேர்ந்து வருவதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். அம்மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை இச்சல்லிவேர்களே.

லாலாங்கும் வெட்டிவேரும்

இங்குத் தோட்டத் தொழிலாளர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 'லாலாங்கும் புல்தான். அதன் வேரும் மண்ணைப் பிடித்துக் கொள்ளும். பின் ஏன் அதனை அழித்தோம்?' நியாயமான கேள்வி. அதற்கு விடை அறிந்தால்தான் வெட்டிவேரின் தன்மை விளங்கும்.

லாலாங் தரைக்கடியில் வெண்மையான கிழங்குத் தண்டுகளை நாற்புறமும் ஓடவிடும். அத்தண்டுகளின் நுனி ஊசிபோல் கூர்மையானது. மண்வெட்டியால் வெட்டினால், வெட்டுண்ட ஒவ்வொரு துண்டும் மீண்டும் ஒரு செடியாகும். மேலே வெள்ளைப் பஞ்சுபோன்ற கதிரிலிருந்து விதைகள் காற்றில் பறந்து தொலைவில் சென்று முளைக்கும். இளம் ரப்பர்க் கன்றுக்கு வேண்டிய உரத்தையும் நீரையும் அதுவே உறிஞ்சிக் கொள்ளும். வறண்ட நாளில் எளிதில் தீப்பற்றும். மேலே எரிந்தாலும் கீழுள்ள தண்டு மீண்டும் தழைக்கும். ஆதலால்தான் அதனை ஒழிக்கத் தோட்ட நிருவாகங்கள் பெரும்பாடுபட்டன. ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சுகூடத் தெளிக்கப்பட்டது. அந்நஞ்சைக் கையாண்டவர்கள் நம் தொழிலாளர்களே.

வியப்பூட்டும் செய்தி ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். தமிழ்நாட்டில் பல இடங்களில் தருப்பை என்று கூறிச் சடங்குகளுக்கு எடுப்பதும் இதே இனப்புல்தான். இதன் சிவந்த இலை வகையொன்றை மேலைநாட்டார் 'ஜப்பானிய இரத்தப்புல்' என்ற பெயரால் அழகுக்காக வளர்க்கின்றனர். ஆனால் அதே அமெரிக்காவில், இந்த இனம் தேசிய அளவில் தடைசெய்யப்பட்ட களைகளின் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தப் புல்லையும் தோட்டத்திற்குள் அழைத்து வரலாகாது என்பதற்கு இதுவே சான்று.

வெட்டிவேரோ இதற்கு நேர்மாறானது. அதற்கு ஓடும் தண்டு இல்லை. நட்ட இடத்திலேயே தூர் கட்டி, குத்தாக வளரும். தென்னிந்திய வகையின் கதிர்கள் முளைக்கும் விதையைத் தருவதில்லை. ஆகவே அது காற்றில் பறந்து அயலார் தோட்டத்திற்குச் செல்லாது. வேண்டாமென்று நினைத்தால், தூரோடு தோண்டி எடுத்துவிட்டால் போதும். எல்லை மீறாத நல்ல அண்டை வீட்டாரைப் போன்றது அது.

பெயரும் பிறப்பும்

வெட்டியெடுக்கப்படும் வேர் ஆதலின் அது வெட்டிவேர் எனப்பட்டது. இத்தமிழ்ச் சொல்லையே பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சற்றுத் திரித்து 'வெட்டிவர்' என்று தம் மொழிகளில் ஏற்றுக்கொண்டனர். அறிவியல் அறிஞர்களும் நெடுங்காலம் அதனை 'வெட்டிவேரியா' என்றே வழங்கினர். இன்று அதன் அறிவியற் பெயர் 'கிரிசோபோகன் சிசனியாய்டிஸ்' என மாற்றப்பட்டுள்ளது. ஆயினும் ஆய்வு நூல்களிலும் உலக மாநாடுகளிலும் வழங்குவது பழைய தமிழ்ப் பெயரே. மலையாளத்தார் இதனை ராமச்சம் என்பர். வடநாட்டார் கஸ் என்பர். மலாய் மொழியில் இதற்கு 'ஆக்கார் வாங்கி' என்று பெயர். மணக்கும் வேர் என்பது அதன் பொருள்.

தமிழ்நாட்டில் கோடைக்காலத்தில் வெட்டிவேரால் தட்டி பின்னி, வாயிலிலும் சாளரத்திலும் தொங்கவிட்டு நீர் தெளிப்பர். அதன் வழியே வீசும் காற்று குளிர்ந்து மணந்து வரும். குடிநீர்ப் பானையில் ஒரு சிறு முடிச்சு வேரை இட்டு வைப்பதும் உண்டு. கோயில்களில் வெட்டிவேர் மாலை சாத்துவர். துணிப்பெட்டியில் இட்டு வைத்தால் ஆடைகள் மணக்கும். வேரிலிருந்து வடித்தெடுக்கும் எண்ணெய் வாசனைப் பொருள்களுக்கும் சோப்புக்கும் பயன்படுகிறது. ஹைத்தி நாடும், இந்தோனேசியாவின் ஜாவாவில் உள்ள காருட் வட்டாரமும் இவ்வெண்ணெய்க்குப் பெயர் பெற்றவை.

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், கடலோர மணற்பாங்கான நிலங்களில் உழவர்கள் வெட்டிவேரைப் பயிரிடுகின்றனர். வேறு பயிர்கள் வாடி நிற்கும் மணலில் அது செழிப்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில், நம் கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணும் பல இடங்களில் அத்தகையதே.

மண் போன கதை

நம் வட்டாரத்தின் வரலாற்றை ஒரு வகையில் மண்ணின் வரலாறு என்றே கூறலாம். கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக ஈயம் எடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. ஈய லம்பங்களில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைப் பாலோங் என்னும் நீண்ட மரத்தொட்டியில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தனர். கனமான ஈயம் தங்கியது. மண் அடித்துச் செல்லப்பட்டது. ஆறுகளில் சேறு படிந்தது. எஞ்சியவை வெண்மணற் பரப்புகளும் குட்டைகளுமே. 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்த பின்னர் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அப்பழைய நிலங்கள் பலவற்றின் மீது இன்று குடியிருப்புகள் எழுந்துள்ளன. அத்தகைய மணலில் சத்தும் இல்லை. நீரைத் தேக்கி வைக்கும் ஆற்றலும் இல்லை.

ரப்பர்த் தோட்டங்களின் கதையும் வேறன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது பல துரைமார்களின் கொள்கையாக இருந்தது. தரை கூட்டிய முற்றம் போலக் காட்சியளிக்க வேண்டுமென்று, நம் மக்களைக் கொண்டு சுத்தமாகப் புல் வெட்டச் செய்தனர். விளைவு என்ன? ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. பருத்த மழைத்துளிகள் மொட்டைத் தரையில் விழுந்து மண்ணைத் தெறிக்க வைத்தன. ஓடிய நீர் மேல்மண்ணை வாரிச் சென்றது. மேடுகளில் மரவேர்கள் வெளியே தெரியலாயின. அதன் பின்னரே தோட்ட முதலாளிகள் தம் கொள்கையை மாற்றிக் கொண்டு, மரங்களுக்கிடையே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிகளை மூடுபயிராக வளர்க்கச் செய்தனர். நம் முன்னோர் சிந்திய வியர்வையோடு நல்ல மண்ணும் ஆற்றில் கலந்தது என்பதே அக்காலத்தின் சோகம்.

இப்பாடத்தை நாம் மட்டும் கற்கவில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் 'பிரேரி' எனப்படும் புல்வெளி கடல்போல் பரந்து கிடந்தது. அங்குள்ள புற்கள் ஆளுயரம் வளர்பவை. அவற்றின் வேர்கள் அதனினும் ஆழமாக இறங்குபவை. குடியேறிய உழவர்கள் அப்புல்லைப் பயனற்றது என்று கருதி உழுது புரட்டிக் கோதுமை விதைத்தனர். 1930-களில் மழை பொய்த்தது. பிடித்து வைக்க வேரில்லாத மண் காற்றில் எழுந்தது. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் எழுந்த புழுதிப்புயல் பகலை இருளாக்கியது. எண்ணற்ற குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. அதே ஆண்டில் அந்நாட்டு அரசு மண் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

இன்று அந்நாட்டில் பலர் அப்பழைய பிரேரிப் புற்களையே வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கின்றனர். ஸ்விட்ச்கிராஸ், லிட்டில் புளூஸ்டெம் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரில் வாழ்ந்த கார்ல் ஃபோர்ஸ்டர் (1874–1970) என்னும் தோட்டக்கலைஞர், பூச்செடிகளுக்கு நிகராகப் புற்களுக்கும் தோட்டத்தில் இடம் தர வேண்டும் என்று வலியுறுத்தி 1957-இல் ஒரு நூலும் எழுதினார். தம் மண்ணின் புல்லைத் தாமே போற்றும் அறிவு அவர்களுக்கு வந்தது. நம் பெயரைத் தாங்கிய புல்லை நாம் போற்ற வேண்டாமா?

மண்ணைக் காக்கும் பச்சை வேலி

வெட்டிவேர் எவ்வாறு மண்ணைக் காக்கிறது? அதன் வேர்கள் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேராகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழத்திற்கும் செல்லும். அதாவது, ஒரு வகுப்பறையின் உயரம் அளவுக்கு அவ்வேர் மண்ணுக்குள் மறைந்திருக்கும். பக்கத்தில் உள்ள பூச்செடியின் உணவை அது அவ்வளவாகப் பறிப்பதில்லை.

மேலேயோ அதன் தண்டுகள் நெருக்கமாக, விறைப்பாக நிற்கும். சரிவின் குறுக்கே வரிசையாக நட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வேலியாகும். மழைநீர் அவ்வேலியை அடைந்ததும் வேகம் குறைந்து பரவும். நீர் இடுக்குகளின் வழியே மெல்லக் கசிந்து செல்லும்; மண்ணோ வேலிக்கு மேற்புறத்திலேயே தங்கிவிடும். ரப்பர்ப் பாலை வடிகட்டியில் ஊற்றும்போது பால் இறங்கிக் குப்பை தங்குவதைத் தொழிலாளர்கள் அறிவார்கள். அதுபோன்றதே இதுவும். ஆண்டுகள் செல்லச் செல்ல அங்குத் தேங்கும் மண் தானே ஒரு படிக்கட்டு நிலமாக உயரும். புதைந்த கணுக்களிலிருந்து புல் புதிய வேர் விட்டு, அதனோடு சேர்ந்து தானும் உயரும்.

இவ்வித்தையை முதலில் கையாண்டவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்லர். கர்நாடகத்தில் மைசூருக்குத் தெற்கேயுள்ள குண்டலுப்பேட்டை வட்டார உழவர்கள் பல தலைமுறைகளாகத் தம் வயல் வரப்புகளில் வெட்டிவேரை நட்டு வந்தனர். 1950-களில் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஜான் கிரீன்ஃபீல்டு என்பவர் மண்ணரிப்பைத் தடுக்க இப்புல்லைப் பயன்படுத்தினார். 1980-களில் அவரும் ரிச்சர்டு கிரிம்ஷா என்பவரும் உலக வங்கியின் சார்பில் இந்தியாவில் பணியாற்றியபோது, அதனை மீண்டும் உலகுக்கு எடுத்துக் காட்டினர். 1993-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் வெட்டிவேரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. தாய்லாந்து மன்னர் பூமிபோல் இப்புல்லைத் தம் நாட்டு மலைச்சரிவுகளில் நடுமாறு ஊக்கினார். 1996-இல் முதல் உலக வெட்டிவேர் மாநாடு அந்நாட்டின் சியாங் ராய் நகரில் கூடியது.

நம் நாடும் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. ரப்பர் ஆராய்ச்சிக்கென 1925-இல் தோற்றுவிக்கப்பட்ட கழகத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் அறிவார்கள். அக்கழகத்தைச் சேர்ந்த பி. கே. யூன் என்னும் அறிஞர், மலேசியாவில் வெட்டிவேரை வளர்ப்பது, பெருக்குவது, வேலியாக்குவது ஆகியவற்றை ஆராய்ந்து 1991-இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். புல்லை அழிக்கும் வழிகளைப் பல காலம் ஆராய்ந்த ரப்பர்த் துறையிலிருந்தே, புல்லை வளர்க்கும் வழிகாட்டியும் பிறந்தது எண்ணிப் பார்க்கத் தக்கது. தித்தி ஹெங்சவோவனிச் என்னும் பொறியாளரும் அவருடைய துணைவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் வெட்டிவேரின் இழுவிசை வலிமை அளந்து கூறப்பட்டுள்ளது. ஒரே பருமனுள்ள மென் எஃகின் வலிமையில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும். நூல்போன்ற ஒரு வேருக்கு இத்துணை வலிமையா என்று வியக்காதிருக்க முடியுமா?

அழகு எங்கே உள்ளது?

'பூக்காத செடியில் அழகு ஏது?' என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். வெட்டிவேருக்கும் கதிர் உண்டு. ஊதா நிறச் சாயலுடன் தண்டின் நுனியில் மெல்லிய கதிர்கள் தோன்றும். எனினும் அதன் அழகு கதிரில் மட்டும் இல்லை. ஒன்றரை மீட்டர் உயரம் வரை எழுந்து, நுனி வளைந்து, நாற்புறமும் சாயும் இலைகள் நீரூற்றுப் போலத் தோன்றும். காற்று வீசும்போது முழுக் குத்தும் அசையும். காலை வெயில் இலைகளின் ஊடே பாயும்போது அப்பசுமைக்குத் தனி ஒளி உண்டாகும். வறண்ட மாதங்களிலும் அப்பசுமை எளிதில் குன்றாது.

செந்நிற இட்லிப்பூ, செம்பருத்தி, பலநிறக் குரோட்டன் ஆகியவற்றின் பின்புறத்தில் இதனை வரிசையாக வைத்தால், பூக்களின் நிறம் மேலும் எடுப்பாகத் தோன்றும். வாயிற்படியின் இருமருங்கும் ஒவ்வொரு குத்து வைக்கலாம். வேலியோரத்தில் நட்டால் தெருப்புழுதி ஓரளவு தடுக்கப்படும். சாக்கடையோரச் சரிவில் நட்டால் அழகும் காவலும் ஒருங்கே கிட்டும்.

வளர்க்கும் முறை

1. இடம்: நல்ல வெயில் படும் இடமே ஏற்றது. நிழலில் அது மெலிந்துவிடும். ஆகவே, வளர்ந்த ரப்பர் மரத்தின் அடியிலோ மாமர நிழலிலோ நட வேண்டா.

2. நாற்று: விதை தேட வேண்டுவதில்லை. நன்கு வளர்ந்த ஒரு குத்தைத் தோண்டி எடுத்து, இரண்டு மூன்று தண்டுகள் உள்ள சிறு தூர்களாகப் பிரிக்க வேண்டும். இலையை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமும், வேரை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளமும் விட்டு நறுக்க வேண்டும். வட இந்தியாவின் காட்டு வகைக்கு முளைக்கும் விதை உண்டு. அதனைத் தவிர்த்து, விதையால் பரவாத வகையையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

3. காலம்: மழை தொடங்கும் பருவத்தில் நடுதல் நன்று. நம் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் மழை மிகுந்தவை.

4. நடுதல்: வேலிக்காயின் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். சரிவில் நடும்போது மேலிருந்து கீழாக நடாமல், சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் நட வேண்டும். இடையில் ஓட்டை விழுந்தால் நீர் முழுவதும் அவ்வழியே பாய்ந்து மண்ணை அரித்துவிடும். அழகுக்காகத் தனிக் குத்தாக வளர்ப்பதாயின் ஒரு மீட்டர் இடைவெளி விடுக.

5. உரம்: வெறும் லம்பத்து மணலாயின் குழியில் சிறிது மாட்டெருவோ மட்கிய இலைக்குப்பையோ இடுக. பின்னர் அதிக உரம் தேவைப்படாது.

6. நீர்: முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மண் காயாமல் நீர் ஊற்ற வேண்டும். வேர் ஊன்றிய பின் மழைநீரே பெரும்பாலும் போதும். முதல் சில மாதங்களுக்குச் சுற்றியுள்ள களையை நீக்கி வருக.

7. வெட்டுதல்: நட்ட நான்கைந்து மாதங்களுக்குப் பின் முதன்முறை வெட்டலாம். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டினால் தூர் பருத்து அடர்ந்து வளரும். வேலியாயின் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுக. அழகுக் குத்தாயின் சற்று உயரமாகவே விடலாம்.

வெட்டிய இலையை எறிந்துவிடலாகாது. மற்றச் செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் காயாது, களையும் எழாது. உலர்ந்த இலையைக் கொண்டு கூடை, பாய், பை முதலியன பின்னுவதைத் தாய்லாந்து மக்கள் ஒரு கைத்தொழிலாகவே வளர்த்துள்ளனர். கைவேலைப் பாடத்திற்கு இது நல்ல பொருள்.

கவனிக்க வேண்டியவை

உயர்ந்த புல்லில் பாம்பு தங்கும் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. எந்தப் புதரையும் வெட்டாமல் விட்டால் அவ்வச்சம் உண்டு. எனவே, காலம் தவறாமல் வெட்டி, அடித்தூரைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். குத்துகளுக்கிடையே காலி டின்களும் புட்டிகளும் கிடந்தால் அவற்றில் மழைநீர் தேங்கி, டிங்கிக் கொசு முட்டையிடும். ஆகவே வாரந்தோறும் பார்வையிடுதல் இன்றியமையாதது. இலையின் ஓரம் சற்றுக் கூரியது. சிறுவர்கள் வெறுங்கையால் உருவ வேண்டா. வெட்டுங்கால் கையுறை அணிதல் நன்று. பாராங் கத்தியைப் பெரியவர்களே கையாளட்டும்.

மற்றொன்றும் முக்கியமானது. மணக்கும் வேர் வேண்டும் என்று சரிவில் உள்ள வேலியைத் தோண்டலாகாது. வேரைத் தோண்டினால் மண் இளகும். அடுத்த மழையில் அது கரைந்தோடும். காவற்காரனையே வெளியேற்றிவிட்டு வீட்டைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும் அது. வேர் வேண்டுவோர் பழைய உரச்சாக்குகளில் மணலும் எருவும் கலந்து நிரப்பி, அவற்றில் தனியாக வளர்க்கலாம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சென்றபின் சாக்கைக் கிழித்து மணலை உதிர்த்தால், முழு வேரும் கைக்கு வரும். கழுவி நிழலில் உலர்த்தினால் வீடு மணக்கும். தூரை மீண்டும் நட்டுவிடலாம்.

மாணவர்கள் செய்து பார்க்க

கேட்பதைவிடக் கண்ணால் காண்பதே நிலைத்து நிற்கும். ஆகவே பின்வரும் சோதனையை வகுப்பில் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தட்டையான பெட்டிகளை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே வகை மண்ணை நிரப்புங்கள். ஒன்றை வெறுமனே விடுங்கள். மற்றொன்றின் கீழ் ஓரத்தில் குறுக்கு வரிசையாக வெட்டிவேர்த் தூர்களை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதங்கள் வளர விடுங்கள். பின்னர் இரு பெட்டிகளையும் ஒரே அளவு சாய்த்து வைத்து, பூவாளியால் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். வழிந்து வரும் நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் படியும் மண்ணை ஒப்பிடுங்கள். எந்தக் குவளையில் மண் மிகுதி என்பதை நீங்களே அளந்து, ஏட்டில் எழுதி, காரணத்தையும் கூறுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல ஈப்போவின் புறநகர்களில் சிறு வீடுகளில் வாழ்கின்றன. பெரிய நிலம் நமக்கில்லாமல் இருக்கலாம். ஆயினும் வாசலில் உள்ள நான்கடி மண் நம்முடையது. அந்நான்கடி மண்ணையும் மழைக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் சிமெண்டு பூசி மூடுவதா? அல்லது ஓர் உயிருள்ள வேலியை நட்டு, மண்ணையும் வைத்துக் கொண்டு, பசுமையையும் கண்டு மகிழ்வதா?

வெட்டிவேர் இந்நாட்டுக் காட்டில் தோன்றிய புல்லன்று. கடல் கடந்து வந்து, சத்தற்ற மண்ணிலும் ஆழ வேரூன்றி, அயலாருக்கு இடையூறின்றி, தான் நின்ற நிலத்தைக் காத்து நிற்கும் புல் அது. அதனைக் காணும் நம் பிள்ளைகளுக்குத் தம் பாட்டன் பாட்டியரின் நினைவு வருமாயின் அதுவும் நன்றே.

மாணவச் செல்வங்களே, இம்மழைக்காலத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு வரிசை நட முன்வருவீர்களாக. பெற்றோர்களே, ஒரு குத்து வளர்ந்தால் அதனைப் பிரித்துப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுப்பீர்களாக. புல் வெட்டிக் கை காய்த்த பெரியவர்களே, மண்ணின் தன்மையும் புல்லின் குணமும் உங்களைவிட நன்கறிந்தவர் எவர்? நடும் நாளில் நீங்களே முன்னின்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பீர்களாக. அவ்வாறு செய்தால், நாம் இறைக்கும் நீர் விழலுக்கு இறைத்த நீராகாது. அது நம் மண்ணுக்கு இறைத்த நீராகும்.